நம்பர் வரட்டும்

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமும் மரியாதையும் வராமல் இல்லை. ஆனால் அவை பின்னால்தான் வரும், அதுவும் வரிசையில் நின்று வரும். இத்தனை வருடம் கழித்தும், சென்னையில் ஏதாவது ஒரு வங்கியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று நான் திரும்பும்போது, “ஏன் தம்பி, செத்த நேரம் நின்னா என்ன, காலு தேஞ்சா போயிடும்?” என்று அவர் கேட்பது காதில் விழும். திட்டிக்கொண்டே போய் வரிசையில் நிற்பேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. டோக்கன் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நிலையம் என்று நான் சொல்வது அரசாங்கத்தின் நெல் கொள்முதல் நிலையத்தை. பூதலூரிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணியில் போய்ச் சேரலாம். ஓர் ஓட்டுக் கட்டடம், முன்னால் பெரிய களம், ஒரு தராசு, பாதி நாள் ஓடாத ஒரு தூற்றும் இயந்திரம். அறுவடை முடிந்ததும் விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து களத்தில் குவிப்பார்கள். நிலத்துக்கான சிட்டா, அடங்கலை என்னிடம் காட்டி டோக்கன் வாங்குவார்கள். டோக்கன் என்றால் நீல மையில் எண் எழுதி முத்திரை குத்திய ஓர் அட்டைத் துண்டு, அவ்வளவுதான். அந்த எண் வரும்போது நெல்லின் ஈரத்தைக் கருவியில் பார்ப்பார்கள். அளவுக்குள் இருந்தால் தூற்றி, சாக்கில் பிடித்து, எடை போடுவார்கள். நான் பட்டியல் எழுதுவேன். பருவத்துக்கு மட்டும் வேலை. பருவம் முடிந்தால் பேனாவை மூடிக்கொண்டு தஞ்சாவூரில் அப்பாவின் தையல் கடையில் போய் உட்கார வேண்டும்.

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்திருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பேப்பரைப் பிரித்தால் தாராளமயம், உலகமயம், திறந்த சந்தை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் ஒவ்வொரு வரியையும் நம்பினேன். தேசம் நாற்பது வருடமாக வரிசையில் நின்று நாசமாய்ப் போயிற்று என்பது என் கட்சி. ஸ்கூட்டருக்கு வரிசை, டெலிபோனுக்கு வரிசை, சிமெண்டுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. எங்கள் மாவட்டத்து நெல்லுக்கு இன்னும் மோசம். அது கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டிப் போகவே கூடாது என்று சோதனைச் சாவடி போட்டு, பஸ்ஸில் கால் மூட்டை அரிசி கொண்டுபோகிற பெண்களை இறக்கி விசாரித்த காலத்தை நான் கண்ணால் பார்த்தவன். கதவைத் திறந்து விட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று லோடுமேன்களைக்கூட உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை வரிசைக்கு நம்பர் போடுவது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வாடிக்கையாளர் அந்த அக்கா.

ஆள் குள்ளம். தலையில் சுற்றிய ஆண்பிள்ளைத் துண்டு, இடுப்பில் சுருக்குப்பை. புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் அனுப்பிய காசில் மூன்று மா நிலம் வாங்கி, பட்டா அவர் பெயரிலேயே ஆகியிருந்தது. மூன்று மா என்பது ஒரு ஏக்கர். விற்றவர் அதே ஊர் மிராசுதார். எந்த வயலில் அக்காவின் அம்மா கூலிக்கு நாற்று நட்டாரோ, அதே வயல். டோக்கன் வாங்கும்போது எண்ணை என்னையே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். பிறகு ரிஜிஸ்தரைத் திருப்பச் சொல்லி, அதில் அவர் பெயருக்கு நேராக அதே எண் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைச் சுருக்குப்பையில் போட்டு, பையை இறுக்கி முடிவார். பின்னால் ஐம்பது பேர் நின்றாலும் இதில் ஒன்றும் குறையாது.

களத்தில் அவர் இடம் பிடிப்பதும் தனி விதம். எல்லோரும் தராசுக்குப் பக்கத்தில் முட்டி மோதிக் குவிப்பார்கள். பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வேலை முடியும், லோடுமேன்களும் முணுமுணுக்க மாட்டார்கள். அக்கா மட்டும் தராசுக்கு ரொம்பத் தள்ளி, வடக்குக் கோடியில் இருந்த மேட்டில் கொண்டுபோய்க் குவிப்பார். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணை கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

“ஏன்க்கா இவ்ளோ தூரம் போறீங்க? இங்க தராசு பக்கத்துலதான் எடம் இருக்கே?”

“அங்க தண்ணி நிக்கும் தம்பி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நம்பர் வரட்டும்.”

நம்பர் வரட்டும். இந்த இரண்டு வார்த்தையை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் நம்பர் வரட்டும். வெயிலாக இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் நம்பர் வரட்டும். ஒருமுறை நல்ல காய்ச்சல். வீட்டுக்குப் போங்கள், நம்பர் வந்தால் ஆள் அனுப்புகிறேன் என்று நான் கெஞ்சினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு நெல் குவியலில் சாய்ந்தபடியே அதையே சொன்னார்.

தன் நம்பரோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பரவாயில்லை. ஊரில் உள்ள நம்பரையெல்லாம் அவரே காவல் காத்தார். ஒரு சம்பாப் பருவத்தில் அந்த மிராசுதாருக்கு அறுபத்தாறாம் டோக்கன். லோடுமேன்கள் கேட்ட காசை அவர் கொடுக்க மறுத்துவிட்டார். அவர்களும் அவர் குவியலைக் கண்டும் காணாமல் தாண்டி, அறுபத்தேழுக்குச் சாக்கு விரித்தார்கள். மிராசுதார் சத்தம் போடுகிறவர் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வடக்குக் கோடியிலிருந்து அக்கா எழுந்து வந்தார்.

“அறுபத்தஞ்சு முடிஞ்சுதுல்ல? அறுபத்தாறு அவங்களுதுல்ல? சாக்கை எடுத்துட்டுப் போயி அங்க விரிங்க.”

“உனக்கு என்னக்கா வந்துச்சு? அவங்க நெல்லு, அவங்க பாடு.”

“நாளைக்கு என் நம்பரையும் இப்படித்தான் தாண்டுவீங்க. விரிங்க மொதல்ல.”

விரித்தார்கள். மிராசுதார் அக்காவைப் பார்க்காமல் சாக்குகளை எண்ண ஆரம்பித்தார். அக்காவும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை, டோக்கன் கொடுக்கும் நேரம் எட்டு மணி, நான் எட்டேகாலுக்கு வந்தேன் என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்டார். பிடித்ததெல்லாம் போய்விட்டது.

பிறகு கதவு நிஜமாகவே திறந்தது. சாவடிகள் போயின. தனியார் வியாபாரிகள் லாரியோடு வயலுக்கே வர ஆரம்பித்தார்கள். கும்பகோணத்திலிருந்து வருவார்கள், சேலத்திலிருந்தும் வருவார்கள். கையோடு எலக்ட்ரானிக் தராசு, கையோடு பணம், அரசாங்க விலைக்கு மேல் ஒரு கொசுறு. ஈரம் பார்ப்பது இல்லை, தூற்றுவது இல்லை, சிட்டா அடங்கல் இல்லை. இரண்டே பருவத்தில் எங்கள் களம் காலியாகிவிட்டது. லோடுமேன்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். நான் பேப்பரை விளம்பரம் உட்பட முழுவதும் படித்தேன். நான் படித்த பொருளாதாரம் என் கண்ணெதிரே ஜெயித்துக்கொண்டிருந்தது, என் வேலையும் அதோடு போய்க்கொண்டிருந்தது. வரத்து இல்லாத நிலையங்களை மூடப்போவதாக மேலேயிருந்து கடிதம் வந்தது.

அக்கா மட்டும் நெல்லைக் கொண்டுவந்தார். வேறு யாருமே இல்லாத களத்தில், தராசைச் சுற்றி இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்க, அதே வடக்கு மேட்டில் போய்க் குவித்தார். நான் ஒன்றாம் எண் எழுதிக் கொடுத்தேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அக்கா, ஒங்களுக்கு முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல. ரிஜிஸ்தர்ல வேற பேரே இல்ல.”

“இருக்கட்டும் தம்பி. ஒண்ணுன்னு போட்டிருக்கில்ல, அது போதும்.”

அன்றைக்கு அவரை உட்காரவைத்து ஒரு முழு வகுப்பு எடுத்தேன். வியாபாரி ஏன் கூடுதலாகக் கொடுக்கிறான், போட்டி என்றால் என்ன, போட்டியால் விவசாயிக்கு என்ன லாபம், இங்கே கொண்டுவருவதால் அவருக்கு வண்டிக்கூலியிலிருந்து காத்திருக்கும் நாள்வரை என்னவெல்லாம் நஷ்டம் என்று காகிதத்தின் பின்பக்கம் எழுதியே காட்டினேன். என் சம்பளம் அவருடைய பிடிவாதத்தில்தான் ஓடுகிறது என்பது எனக்கே உறைக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரிதான் தம்பி. போன மாசம் வியாபாரி எங்க வயலுக்கும் வந்தாரு. நல்ல மனுசன்தான். டோக்கன் எங்கன்னு கேட்டேன். அதெல்லாம் எங்ககிட்ட கெடையாதும்மா, வாய் வார்த்தைதான்னாரு. சரி, அடுத்த தடவ நீங்க வரலன்னா நான் எந்த நம்பரக் காட்டி யார்கிட்ட கேக்குறதுன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.”

“அவர் வரலன்னா இன்னொருத்தர் வருவார்க்கா. அதுக்குப் பேர்தான் சந்தை.”

“வந்தா நல்லதுதான்.”

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? கோபத்தில் நான் கேட்டுவிட்டேன், இந்த அட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. அவர் களத்துப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

“சின்ன வயசுல எங்க அம்மாகூட களத்துல நிப்பேன் தம்பி. அறுப்பு முடிஞ்சு கூலி நெல்லு அளப்பாங்க. எல்லாருக்கும் அளந்து முடிச்சிட்டுத்தான் எங்களுக்கு. அதுலயும் யாரு முன்ன யாரு பின்னன்னு கெடையாது. கூப்புட்டாப் போகணும். கூப்புடலன்னா கூடையக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும். எப்பன்னு கேக்கக் கூடாது, கேட்டா அன்னைக்குக் கடைசி. எங்க மாதா கோயில்லயே அப்ப நற்கருணை வாங்க எங்க ஆளுக கடைசியாத்தான் போவோம். நெலம் வாங்குன வருசம் மொத மொதல்ல இங்க நெல்லு கொண்டாந்தேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ஏழுன்னு எழுதிக் குடுத்தாரு. பின்னாடி திரும்பிப் பாத்தா, நெலத்த வித்தவங்க எட்டாம் நம்பர கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

அந்த ஏழாம் எண் அட்டையை இன்னும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார் என்று அவர் மகன் பின்னால் ஒருநாள் சொன்னான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குக்கூட என் மனசு முழுதாக இளகவில்லை. பழைய ரணத்துக்காக இன்றைய லாபத்தை விடுவது புத்திசாலித்தனமா என்றுதான் நினைத்தேன். நிலையம் மட்டும் மூடாமல் தப்பித்தது. வரத்து அறவே இல்லை என்று எழுத முடியாதபடி ஒவ்வொரு பருவமும் ரிஜிஸ்தரில் ஒரு பெயர் இருந்தது.

அடுத்து வந்த குறுவையில் வியாபாரிகள் வரவில்லை. ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவர் வருவார் என்றேனே, ஒருவருமே வரவில்லை. கதவைத் திறந்தால் நம் நெல் வெளியே போகும் என்று மட்டும் நான் கணக்குப் போட்டிருந்தேன். வெளி மாநிலத்து அரிசி அதே கதவு வழியாக லாரி லாரியாக உள்ளே வந்து இறங்கியது. வியாபாரிகளின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுக்க ஆள் இல்லை. மொத்த ஊரும் அறுத்த நெல்லை ஏற்றிக்கொண்டு எங்கள் களத்துக்கு ஓடிவந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அறுப்பு தள்ளிப்போனதால் கடைசியில்தான் வர முடிந்தது. நான் எழுதிக் கொடுத்த எண் இருநூற்றுப் பதினாலு.

ஒரு நாளைக்கு இருபது நம்பர் நகர்ந்தாலே பெரிய விஷயம். அப்போது எடை நடந்துகொண்டிருந்தது அறுபதாம் நம்பருக்கு. அக்காவோ எப்போதும்போல மேட்டில் குவித்து, அணை கட்டி, தார்ப்பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தராசடியில் நெருக்கியதால் மேடு அவருக்காகவே காலியாக இருந்தது.

அந்தத் தடவை அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். சிங்கப்பூர் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் புருஷன் திரும்பி வந்திருந்தார், முதுகில் அடி வேறு. மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். அந்த வாரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. மகன்தான் என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னான். “சார், எங்க அம்மா கேக்க மாட்டாங்க. நீங்களா ஏதாவது பண்ணுங்க சார்.”

பண்ணினேன். அறுபத்திரண்டாம் நம்பர்க்காரர் பொறுமை இழந்து நெல்லை வேறு நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அந்த இடம் காலி. நான் மேட்டுக்குப் போய், “அக்கா, மேலேருந்து ஆர்டர் வந்திருக்கு, நம்பரெல்லாம் மாத்திப் போட்டிருக்கோம், உங்களுக்கு இப்ப அறுபத்திரண்டு” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரிஜிஸ்தர்ல ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான் கேட்டார். எத்தனையோ பருவமாக விரல் வைத்துப் பார்த்தவர், அன்றைக்கு என் வாய் வார்த்தையை நம்பினார். லோடுமேன்கள் கூடை கூடையாக நெல்லை மேட்டிலிருந்து தராசடிக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த இடைவெளியில் புதிதாக வந்த டிராக்டர் ஒன்று, காலியான மேட்டில் தன் நெல்லை இறக்கிவிட்டது.

பதினோரு மூட்டை எடை போட்டு முடித்திருப்போம். அறுபத்து மூன்றாம் நம்பர்க்காரர் ஒரு கிழவர், ஐந்தாறு நாளாகக் களத்திலேயே கிடந்தவர். யாரையும் குற்றம் சொல்கிற குரலில்கூடக் கேட்கவில்லை. “ஏம்மா, நீ என் கண்ணு முன்னாடி முந்தாநேத்துதான வந்த?” என்றார்.

அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். ரிஜிஸ்தரைத் தானே திருப்பினார். அறுபத்திரண்டுக்கு நேராக வேறு ஆள் பெயர். இருநூற்றுப் பதினாலுக்கு நேராக அவர் பெயர். இரண்டு எண்ணிலும் விரல் வைத்துப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போய், லோடுமேன்களிடம், “அவுத்துக் கொட்டுங்க” என்றார்.

“அக்கா, வேணாம்க்கா. பதினோரு மூட்டை ஏறிடுச்சு. இன்னும் அரை மணி நேரம்” என்று நான் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மகன் அழுதேவிட்டான். “ஒரே ஒரு தடவம்மா. ஒரே ஒரு தடவ” என்றான். பெற்ற மகன் அழும்போதும் அந்த மனுஷி அசையவில்லை. அந்தக் கிழவரே, போகட்டும் விடும்மா என்று சொல்லிப் பார்த்தார். அக்கா தானே உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையாக வாயை அவிழ்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை வீசிவிட்டு வெளியே போய்விட்டேன்.

மூட்டை அவிழ்த்தாகிவிட்டது, நெல்லை எங்கே வைப்பது? மேட்டில் வேறு ஆள். மறுபடி தூக்க லோடுமேன்கள் மறுத்துவிட்டார்கள். தராசுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, கிடைத்த இடத்தில் தள்ளி, அதே தார்ப்பாயை மூடினார்கள். இரண்டாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இருநூற்றுப் பதினாலாம் நம்பர் வந்த அன்று அக்கா உறையிலிருந்து அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தார். தார்ப்பாயை விலக்கியபோது அடி நெல்லெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஈரக் கருவி வைக்கவே தேவைப்படவில்லை, இருந்தும் வைத்தார்கள். நிராகரிக்கப்பட்டது என்று நான்தான் என் கையால் எழுதினேன். அவர் அதையும் படித்துக் காட்டச் சொன்னார்.

வாத்து மேய்க்கிற ஆள் ஒருவர் ஏதோ கொடுத்துவிட்டு அந்த நெல்லை அள்ளிக்கொண்டு போனார். மகன் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வாரமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினான். நானும் அந்தப் பருவத்தோடு வேலையை விட்டேன்.

சென்னையில், விளைபொருள் சந்தை நிலவரத்தை அலசி அறிக்கை எழுதும் கம்பெனியில் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. இந்தக் கதையை அங்கே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் பெரிய ஆட்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சந்தைக்குப் பழகாத மனது எப்படி யோசிக்கும் என்பதற்கு உதாரணமாகச் சொல்வேன். இப்படி ஒரு பிடிவாதத்தை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று முடிப்பேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். அக்காவின் நெல் கிடந்த மேட்டில் அன்று டிராக்டரில் இறக்கினார்களே, அந்த நெல் நனையவே இல்லை. மழை முடிந்து பத்து நாள் ஆவதற்குள் அதை எடை போட்டார்கள். அந்தப் பட்டியலையும் நான்தான் எழுதினேன்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பூதலூர் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்க ஓடினால், வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் அக்கா. தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது, சுருக்குப்பை மட்டும் அதே இடத்தில். மகன் திருப்பூரில் சூப்பர்வைசராக இருக்கிறான், வீடு கட்டிவிட்டான், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். மகனுக்குத் தன்மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும், எந்த வருத்தமும் காட்டாமல் சொன்னார்.

நானாகத்தான் ஆரம்பித்தேன். “அக்கா, அன்னைக்கு நான் உங்க நெல்ல மேட்டுலேருந்து எறக்காம இருந்திருந்தா…”

“தெரியும் தம்பி. மேட்டுல இருந்த நெல்லு நனையலயே.”

“அப்புறம் ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல? உங்க பையன்கிட்டகூடவா?”

“சொன்னா உங்க வேலை போயிருக்கும். அவன் உங்கள அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பான்.” கொஞ்சம் நகர்ந்தார். அவருக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. “நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. அது எனக்குத் தெரியாதா? ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம் தம்பி.”

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. அவர் கவுண்டருக்குப் போய்த் தன் டிக்கெட்டை வாங்கி, ஊர் பெயரும் தொகையும் சரியா என்று படிக்கச் சொல்லி, பைக்குள் வைத்து முடிந்தார். எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ரயில் வந்து நின்றபோது எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். “ஒரே நிமிஷம், வண்டி போயிடும்” என்று சொன்னால் விட்டுவிடுகிற ஆட்கள்தான். சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். வண்டி நகர்ந்தது.